குடைக்காரரின் காது

போன வாரம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு பழைய பேப்பர் படத்தைப் போட்டீர்கள். மூன்று கட்டம் கொண்ட சிரிப்புப் படம். பழுப்பேறிய காகிதத்தை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அதே குடைக்காரர். சற்று நேரத்துக்குள் எல்லோரும் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டுவிட்டீர்கள். ‘அந்தக் காலத்துத் தமாஷே தமாஷ்’ என்றார் ஒருவர். ‘எங்க வீட்லயும் இதே கதைதான்’ என்று இன்னொருவர் எழுதினார். அவர் மனைவி குழுவில் இல்லை என்ற தைரியம்.

நான் ஒன்றும் போடவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம். பேரன் பேத்தி எடுத்த கிழவிக்கு ஒரு பொம்மைப் படத்தின் மேல் என்ன கோபம் என்று கேட்பீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். காலை வணக்கம் வீடியோக்களையெல்லாம் பொறுமையாகப் பார்க்கிறீர்கள், இதையும் பாருங்கள்.

அந்தப் படம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மெட்ராசிலிருந்து ரயிலில் ஆந்திர எல்லை தாண்டி நம் ஊர் நகரிக்கு வரும் தமிழ்ப் பேப்பர், கடைசிப் பக்கம், சினிமா விளம்பரத்துக்குக் கீழே ஒரு மூலை. முதல் கட்டத்தில் ஒல்லியான ஒரு மனுஷன் ஆபீஸிலிருந்து குடையும் டிபன் கேரியருமாக வருவார். இரண்டாவது கட்டத்தில் வாசலில் அவர் பெண்டாட்டி, குண்டாக, கையில் பூரிக்கட்டையோடு, வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். அவள் பேசுவது மட்டும் தடித்தடியான எழுத்தில், சுற்றிலும் முள் முள்ளாகக் கோடு போட்ட கூண்டுக்குள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் குடைக்காரர் மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், சுற்றி நட்சத்திரம். மூலையில் ஒரு பூனை வாயைப் பொத்திச் சிரிக்கும். தினமும் இதேதான். ஆபீஸ் மாறாது, கட்டை மாறாது, வீக்கம் மாறாது.

நாமெல்லாம் அப்போது பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் படித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. டீக்கடைப் பெஞ்சில் அந்தப் பேப்பரைப் பார்த்துச் சிரித்த பெரியவர்களில் பாதிப் பேருக்கும் அதே நிலைமைதான். எல்லோரும் படத்தைப் பார்த்துச் சிரித்தோம். அவள் வாய் திறந்திருந்தது, எழுத்து பெரிதாக இருந்தது, அதனால் திட்டுகிறாள். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தது என் அத்தை ஒருத்திதான்.

அத்தை என் நைனாவின் தங்கை. திருத்தணியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி நாலு வகுப்பு தமிழ் படித்தவள். மற்றபடி எங்கள் வீட்டிலேயே, தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள். எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்ப் பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு தறிக் கொட்டாய். கரண்ட் இருக்கிறவரை பவர்லூம் ஓடும். நூல் கோத்த நாடா இங்கேயும் அங்கேயும் அடிக்கிற அடியில் அலமாரியிலிருக்கும் டம்ளர்கள் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும், அம்மா அவ்வப்போது போய் உள்ளே தள்ளி வைப்பாள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவரோடு பேச வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். தூரத்தில் இருந்தால் உதட்டை அசைத்தால் போதும், எதிரிலிருப்பவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ‘தறி ஊட்ல மெதுவாப் பேசறவன் பட்டினி கெடப்பான்’ என்பார் நைனா.

அத்தையைச் சித்தூரில் கொடுத்தார்கள். மாமாவுக்கு அங்கே ஓர் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கினார். முதல் நாள் பாவம், யார் என்ன சொன்னாலும் ‘ஆ? ஆ?’ என்று காதில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் சிரித்தோம். அப்புறம் அத்தை அவருக்கு உதட்டுப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தாள். அவள் கொட்டாயில் ஒரு தறிக்குப் பக்கத்தில் நிற்பாள், அவர் அந்தக் கோடியில் நிற்பார். இவள் வாயசைப்பாள், அவர் யோசித்து, ‘தண்ணி!’ என்று கத்துவார். மடமடவென்று கற்றுக்கொண்டார். ஊருக்குப் போகிற நாளில் இரண்டு பேரும் அத்தனை தறிகளுக்கு நடுவில் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் புரியாதபடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு. அத்தை அத்தனை அழகாக இருந்ததை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

சித்தூர்த் தெரு வேறு மாதிரி. அமைதியான தெரு. அடுத்தடுத்த வீட்டுக்கு ஒரே சுவர். மாமியார் பேசினால் பக்கத்திலிருக்கும் பூனைகூடத் திரும்பாதாம். அந்த வீட்டில் போய் அத்தை ‘உப்பு எங்க கீது?’ என்று கேட்டால் அடுத்த வீட்டில் உப்பு டப்பாவை எடுத்துவிடுவார்களாம். வந்த புதிதில் சிரித்தார்கள். போகப் போக, எப்போது பார்த்தாலும் சண்டை போடுகிறாள் என்றார்கள். அவள் சாப்பிடக் கூப்பிட்டாலும் சண்டை, குளிக்க வெந்நீர் வைத்திருக்கிறேன் என்றாலும் சண்டை.

ஒருநாள் சாயந்திரம் பூரிக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவள் மாமா தெருமுனையில் வருவதைப் பார்த்து, கையில் கட்டையோடே வாசலுக்கு வந்து, ‘சுருக்கா வாங்க, எண்ண காயுது!’ என்று கூப்பிட்டிருக்கிறாள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு புருஷன், வாசலில் கட்டையோடு ஒரு பெண்டாட்டி. சித்தூர்த் தெருவுக்கு இந்தப் படம் ஏற்கெனவே தெரியும். தினமும் பேப்பரில் பார்க்கிறார்களே. இரண்டு கட்டத்தைப் பார்த்தவர்கள் மூன்றாவது கட்டத்தை அவர்களே வரைந்துகொண்டார்கள். மறுநாள் காலையில் ‘மண்ட ஒடஞ்சிடுச்சாமே’ என்று விசாரித்தார்கள். மாமாவின் மண்டையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இல்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ‘கொஞ்ச நாள் அம்மா ஊட்ல இருந்துட்டு வா’ என்று அத்தையை நம் ஊர்ப் பக்கம் வரும் புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

தலை தீபாவளிக்கு அடுத்த வருஷம், ஐப்பசி மழையில் நனைந்த டிரங்குப் பெட்டியோடு அத்தை வந்து இறங்கினாள். அவளுக்கு முன்னாலேயே பேர் வந்து சேர்ந்திருந்தது. தெருவில் அவளை ‘பூரிக்கட்டை’ என்றார்கள். உங்களில் சிலரும் சொன்னீர்கள். அப்போது நாமெல்லாம் பிள்ளைகள், அதை விடுங்கள்.

அந்த மழைக்காலம் பூராவும் வீட்டில் ஈர நூல் வாசனையும் இயந்திர எண்ணெய் வாசனையும்தான். கரண்ட் வரும், போகும். டீக்கடைக்காரர் மத்தியானத்துக்குமேல் பழைய பேப்பரை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார், தறிகளில் எண்ணெய் துடைக்க. நான்தான் போய் வாங்கி வருவேன். கொட்டாய்க்குப் போவதற்கு முன்னால் அத்தை அதை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பாள். எல்லோரும் சிரிப்பதைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட மாட்டாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மளிகைச் சாமானில் கல் பொறுக்குவதைப் போலப் பார்ப்பாள்.

“இவ இன்னா சொல்றா தெரியுமா கண்ணு? ‘எவ்ளோ நேரம் காத்துக்கினு இருக்கறது, சோறு ஆறிப்போச்சி’ன்றா. வேற ஒன்னியும் இல்ல.”

“அப்ப எதுக்கு அத்த இவ்ளோ பெரிய எழுத்து?”

“கத்திச் சொல்றா.”

“எதுக்குக் கத்தணும்?”

அத்தை அந்தப் பெண்ணுக்குப் பின்னால், கதவு வழியாகத் தெரியும் இடத்தைக் காட்டினாள். ஒரு பாய், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். ஓவியர் நாலு கோட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார். “பாரு, ரெண்டு தட்டு. இவளும் துன்னல. அவன் வரட்டும்னு இருக்கா. பூரிக்கட்ட கைல இருக்குன்னா, அதுக்கு முன்னாடி மாவு பெசைஞ்சிருக்கான்னு அர்த்தம். அடிக்கப் போறவ எவளாவது மாவு பெசைவாளா?”

இன்னொரு நாள் அவள் கண்டுபிடித்தது என்னை இன்றைக்கும் விடவில்லை. குடைக்காரரின் கண்ணைக் காட்டினாள். “எந்தக் கட்டத்துலனா அவன் அவளப் பாக்கறானா சொல்லு.” நான் தேடிப் பார்த்தேன். இல்லை. மூன்று கட்டத்திலும் அவர் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் படிக்கிறவர்களைப் பார்த்து, ‘என் கதியைப் பார்த்தீர்களா’ என்கிற மாதிரி. அவள் மட்டும் அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்து அவளுக்கு ஒரு பதில் சொன்னதே கிடையாது. அத்தனை நாள் படத்திலும் அவருக்கு ஒரு பேச்சுக் கூண்டுகூட இல்லை.

“பாவம், அவனுக்குக் காது கேக்காது போல” என்றாள் அத்தை. “அதான் இவ கத்தறா. செவிட்டு மனுசன்கிட்ட மெதுவாப் பேச முடியுமா?” இதைச் சொன்னபோது அவள் முகம் தெளிந்துவிட்டது. கணக்கு சரியாக வந்த பிள்ளையின் முகம். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அவர் செவிட்டு மாமா. நானும் அந்தத் தடி எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டேன்.

கார்த்திகையில் சித்தூரிலிருந்து சேதி வந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் மாமாவோடு நகரிக்கு வருவார்கள். பெண் அடங்கியிருந்தால், குரல் குறைந்திருந்தால், கூட்டிக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் உறவையே அத்துவிட்டுவிடுவார்கள். சேதி கொண்டுவந்தவர் டீ குடித்துக்கொண்டே இதைச் சொன்னார். நைனா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அத்தை சமையற்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் போவணும் கண்ணு. எனக்கு அவரப் புடிக்கும்” என்றாள். அவ்வளவு வெளிப்படையாக ஒரு பெரிய மனுஷி அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அன்றிலிருந்து அத்தை மெதுவாகப் பேசப் பழகினாள். என்னைச் சமையற்கட்டின் ஒரு கோடியில் நிற்க வைப்பாள். அவள் மறு கோடியில் நின்று ஏதாவது சொல்வாள். எனக்குக் கேட்டுவிட்டால் அவளுக்குத் தோல்வி. “கேட்டுச்சா?” “கேட்டுச்சி அத்த.” “இன்னும் கொறைக்கணும்.” எனக்கு அது விளையாட்டு. அவளுக்குத் தொண்டையில் நரம்பு புடைக்கும். கத்துவதற்கு எவ்வளவு பாடோ, கத்திப் பழகியவள் அடக்குவதற்கும் அவ்வளவு பாடு. சில நாளில் அவள் பேசுவது தறி ஓடாத நேரத்தில்கூடப் பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காமல் போனது.

அம்மா இதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். “வாயத் தொறந்து பேசுடி, ஊமையாட்டம் இன்னாத்துக்கு மொனவிக்கினு கீற?” என்று திட்டிப் பார்த்தாள். பிறகு காத்து கருப்பு என்று முடிவு செய்து, எங்களை பஸ் ஏற்றிக் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மந்திரக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வேப்பிலையால் அடித்து, “யாரு நீ, சொல்லு!” என்று அதட்டினார். அத்தை மரியாதையாகத் தன் பேரைச் சொன்னாள், மெதுவாக. அவருக்குக் கேட்கவில்லை. பேர் சொல்ல மறுக்கிறது, பொல்லாத பேய் என்று கூடுதலாக நாலு அடி வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அம்மா வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். பொட்டலம் மடித்திருந்த காகிதத்தில் நம் குடைக்காரர். முன்னிரண்டு கட்டமும் கிழிந்துபோய், வீங்கின மண்டையும் நட்சத்திரமும் மட்டும். அத்தை கடலையை என் பாவாடையில் கொட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கழுத்தில் வேப்பிலைக் கோடுகள் சிவந்திருந்தன. “பாத்தியா, எல்லாருக்கும் இது மட்டும் போதும்” என்றாள். “முன்னாடி இன்னா நடந்துச்சின்னு எவனுக்கு வேணும்?” பஸ் போட்ட இரைச்சலில் அவள் வாயைப் பார்த்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன்.

அவர்கள் வந்த அன்று தூறல். மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. தெருவே ஊமையாகக் கிடந்தது. மாமாவின் பெரியப்பா ஒருவர், குடிபாலாவிலிருந்து ஒரு பெரியவர், மாமா. நாற்காலிகளில் அவர்கள், பாயில் நைனா. மாமா இளைத்திருந்தார். கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். அத்தை தலை குளித்து, பச்சைப் புடவை கட்டி, சமையற்கட்டு வாசலில் நின்றாள். நான் அவளுக்கு எதிர்ப்பக்கம், நைனாவுக்குப் பின்னால் இருந்தேன்.

மழை, நூல் விலை, பஸ் என்று பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்கள். பெரியப்பா நியாயமாகத்தான் பேசினார். கடைசியில் குடிபாலாக்காரர் தமிழும் தெலுங்குமாகக் கேட்டார். “ஏம்மா, நாங்க பேசி இன்னா, நீ உன் வாயால சொல்லு. வஸ்தாவா, லேதா? வர்றியா, இல்லியா? அமைதியா வந்து குடும்பம் பண்றியா?”

மேலே பல்பு எரிந்தது. கரண்ட்.

உங்களுக்குத் தெரியும், நம் தெருவில் கரண்ட் வந்தால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் எச்சில் கையோடு ஓடுவான். முதலில் கோடி வீட்டில் ஒரு தறி, அப்புறம் அடுத்தது, அப்புறம் தெருவே ஒரே அடியாக. எங்கள் கொட்டாயில் இருந்த தறிக்காரரும் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டார். விருந்தாளிகளின் காப்பி டம்ளர்கள் பெஞ்சில் ஆடின.

அத்தை பதில் சொன்னாள். பழகியிருந்தபடியே, மெதுவாக. ‘வர்றன்.’ எனக்குக் குரல் கேட்கவில்லை, உதடு தெரிந்தது. பெரியப்பா காதில் கை வைத்துக் குனிந்தார். அவள் மறுபடி சொன்னாள். அதேபோல மெதுவாக. நைனா அந்த நேரம் பார்த்துக் கொட்டாய்ப் பக்கம் திரும்பி, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “நைனா, அத்த வர்றன்னு சொல்லுது!” என்று கத்தினேன். அவர் பாதி புரிந்துகொண்டு மெயினை அணைக்க ஓடினார்.

அதற்குள் பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். “கல்லாட்டம் நின்னுக்கினு கீது பாரு. கேட்டா பதில் இல்ல, அவ்ளோ திமிரு” என்று குடிபாலாக்காரர் கத்தியது அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. மெயின் அணைந்து சத்தம் ஓய்ந்தபோது அவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். நைனா பின்னாலேயே ஓடி, “வர்றன்னுதான் சொல்லிச்சாம், தறி ஓடினதுல கேக்கல” என்றார். “அப்பிடின்னா வெளிய வந்து எங்க மூஞ்சிய பாத்துச் சொல்லட்டும்” என்றார் பெரியப்பா. அவர் அதற்காக நிற்கவும் செய்தார், பொய் சொல்லக் கூடாது. நைனா உள்ளே வந்து கூப்பிட்டார், கெஞ்சினார், கையை ஓங்கினார். அத்தை சமையற்கட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

அன்றைக்கு முடிந்த கதை. மாமாவுக்கு அங்கேயே வேறு கல்யாணம் நடந்தது. அத்தை எங்கள் கொட்டாயில் நூல் சுற்றிக்கொண்டு, பிற்பாடு திருப்பதியில் என் வீட்டில், மீதி ஆயுளைக் கழித்தாள். குரல் பழையபடி எழும்பவே இல்லை. கடைசியில் இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, எங்கே வலிக்கிறது, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா என்று தெலுங்கில் நர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்து எடுத்துச் சொன்னேன். கரும காரியத்தன்று சொந்தக்காரர்கள் பழைய கதையை எடுத்தார்கள். அந்தக் கரண்ட் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அகம்பாவம் என்று மீதிப் பேர் சொன்னார்கள். நைனாவும் சாகிறவரை அதைத்தான் சொன்னார்.

இரண்டும் இல்லை. அவர்கள் வந்துபோன மறுநாள் மத்தியானம் நான் பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். அத்தை கொட்டாய்க்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அந்த முள்கூண்டு எழுத்தை நானே கூட்டிப் படித்தேன். “பாவம் அத்த, இந்தச் செவிட்டு மாமாவுக்கு இன்னிக்கும் கேக்கல” என்றேன்.

“செவிடு இல்ல கண்ணு” என்றாள். பேப்பரை வாங்கிப் பார்க்கவில்லை.

“நீதான அத்த சொன்ன?”

“தப்பாச் சொல்லிட்டன். அவனுக்கு நல்லாக் கேக்குது.”

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நேத்து எல்லாரும் வெளக்கப் பாத்தாங்க, தறியப் பாத்தாங்க. உங்க மாமா மட்டும் என் வாயப் பாத்துக்கினு இருந்தாரு. வர்றன்னு சொன்னன். புரிஞ்சிக்கினாரு. எனக்கு மட்டும் தெரியற மாதிரி லேசாத் தலைய ஆட்டுனாரு. ஆட்டிட்டுதான் எழுந்து போயி செருப்பு மாட்டிக்கினாரு.”